ராத்திரி 11 மணி பேய்ப்படம்: கல்ட் படம்னா என்ன, அது டிவில எப்டி வளந்துச்சு

இப்ப எதுக்கெடுத்தாலும் கல்ட்னு சொல்லிடறாங்க, ரிலீஸ் ஆகி மூணு வாரம் ஆன படத்துக்கே போஸ்டர்ல கல்ட் கிளாசிக்னு போட்டுடறாங்க. புதுசா சினிமா பக்கம் வர்ற பசங்க நெறைய பேர் கேக்கறது என்னன்னா, அப்டின்னா சூப்பர் ஹிட்டுக்கும் கல்ட்டுக்கும் என்ன வித்தியாசம், அப்புறம் எங்கள மாதிரி 80கள்ல 90கள்ல வளந்தவங்க ஏன் ராத்திரி டிவில பாத்த பேய்ப்படத்த பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்கறோம். ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே எடத்துலதான் இருக்கு, அதனால சேத்தே சொல்றேன்.

கல்ட் படம்னா பெரும்பாலும் வந்தப்ப ஊத்திக்கிட்ட படம், இல்லன்னா ஓடியும் யாரும் மதிக்காத படம். விமர்சனம் எழுதறவங்க தூக்கிப் போட்டிருப்பாங்க, விருது எதுவும் வந்திருக்காது. ஆனா எங்கயோ ஒரு மூலைல கொஞ்ச பேர் அத திரும்பத் திரும்ப பாத்து, வசனம் மனப்பாடமாகி, பாக்காதவன் எவனாவது மாட்னா டேய் அத நீ பாத்தே ஆகணும்னு உயிர எடுத்து, அவன் பாத்து அவனும் இன்னொருத்தன் உயிர எடுத்து, அப்டியே வருஷக்கணக்குல அந்தப் படம் சாகாம ஓடிக்கிட்டே இருக்கும். எடுத்தவங்க நெனச்சா கல்ட் பண்ண முடியாது, பாக்கறவங்கதான் பண்ணணும். அந்த பாக்கறவங்க அந்தப் படத்த தற்செயலா எங்க பாத்தாங்கன்னு தேடிப் போனா ஒண்ணு பெரிய ஊர்கள்ல இருந்த நடுராத்திரி தியேட்டர் ஷோவுல போய் நிக்கும், இல்லன்னா ராத்திரி டிவி. நம்ம கடலூர் பாண்டி மாதிரி ஊர்கள்ல வளந்தவங்களுக்கு ரெண்டாவதுதான் வழி.

சரி, டிவிக்காரங்க ஏன் ராத்திரில பேய்ப்படம் போட்டாங்க? பயமுறுத்தணும்னு இல்லைங்க, காசுக்குத்தான். ராத்திரி 11 மணிக்கு மேல விளம்பரம் குடுக்க ஆள் வராது, ஆனா சேனல் ஓடணும், அந்த நேரத்துக்கு எது மலிவா கிடைக்குதோ அதப் போடுவாங்க. அமெரிக்காவுல 1957ல ஸ்க்ரீன் ஜெம்ஸ்னு ஒரு கம்பெனி, யூனிவர்சல் ஸ்டுடியோ எடுத்த பழைய படங்கள்ல 52 படத்த ஒரே கட்டா கட்டி ஷாக்னு பேர் வச்சு ஊர் ஊரா இருந்த லோக்கல் சேனலுக்கு வாடகைக்கு விட்டாங்க. 1931ல வந்த டிராகுலா, ஃப்ராங்கன்ஸ்டைன், 1932ல வந்த மம்மி, 1941ல வந்த ஓநாய் மனுஷன் படம் எல்லாம் அதுல இருந்துச்சு. தியேட்டர்ல எப்பவோ ஓடி முடிஞ்ச படங்க, அப்பா அம்மா சின்ன வயசுல பயந்த படங்க, இப்ப புள்ளைங்க வீட்டுக்குள்ளயே உக்காந்து பயந்துச்சுங்க. ஒரு தலைமுறைக்கே பேய்ப்படப் பைத்தியம் பிடிச்சது அங்கேருந்துதான்.

அந்தப் படங்கள சும்மா போட்டா யார் பாப்பா, அதனால சேனல்காரங்க ஒரு ஆள வேஷம் கட்டி நடுவுல நடுவுல பேச விட்டாங்க. இதுக்கு முன்னோடி 1954லயே லாஸ் ஏஞ்சலீஸ்ல ஒரு லோக்கல் சேனல்ல வந்த வாம்பைரா. மைலா நூர்மின்ற நடிகை, கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு பொகை மூட்டமான வராண்டாவுல மெதுவா நடந்து வந்து, கேமராவப் பாத்து வீல்னு ஒரு கத்து கத்திட்டு, அப்புறம்தான் இன்னிக்கு என்ன படம்னு சொல்லுவாங்க. ஃபிலடெல்ஃபியாவுல ஜான் ஜாக்கர்லின்னு ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய், படம் ஓடிட்டிருக்கும்போதே நடுவுல தன்னோட ஷாட்ட சொருகி விட்டுடுவாரு. 1981ல எல்வைரான்ற வேஷத்துல இன்னொரு நடிகை இதே மாதிரி படம் போட வந்தாங்க. சிகாகோவுல 1970ல ஆரம்பிச்ச ஸ்வெங்கூலின்ற வேஷம் ஆள் மாறி இன்னிக்கும் சனிக்கிழமை ராத்திரி வந்துக்கிட்டு இருக்கு. இவங்க வேலை ரெண்டு. படம் மொக்கையா இருந்தா அத கிண்டல் பண்ணி உக்கார வைக்கறது, நல்லா இருந்தா அது ஏன் நல்லா இருக்குன்னு காதுல போட்டு வைக்கறது. இங்கிலாந்துல ரெண்டாவது வேலைய மட்டும் பெருசா செஞ்சாங்க, பிபிசி 2ல 1988லேருந்து அலெக்ஸ் காக்ஸ்னு ஒரு டைரக்டர் வந்து உக்காந்து, இப்ப போடப்போற படம் என்ன, ஏன் யாரும் கண்டுக்கல, எத கவனிக்கணும்னு ரெண்டு நிமிஷம் பேசிட்டு படத்த விடுவாரு. ஒரு படத்த ஒரு மனுஷன் கைய புடிச்சு அறிமுகப்படுத்தி வைக்கறதுல இருக்கற சொகம், இன்னிக்கு மொபைல்ல வர்ற உங்களுக்கு பிடிக்கலாம்ன்ற லிஸ்ட்டுல வரவே வராது, இத நான் எத்தன தடவ வேணா சொல்லுவேன்.

மலிவுன்றது எவ்ளோ பெரிய காரணம்னு புரியணும்னா ஒரே ஒரு படத்தப் பாத்தா போதும். 1968ல பிட்ஸ்பர்க் பக்கத்துல ஜார்ஜ் ரொமேரோவும் அவரோட நண்பர்களும் கைக்காசப் போட்டு எடுத்த நைட் ஆஃப் தி லிவிங் டெட். இன்னிக்கு நாம பாக்கற ஜாம்பி படம் அத்தனைக்கும் அதுதான் தாத்தா. அந்தப் படத்துக்கு மொதல்ல வேற பேரு, கடைசி நேரத்துல விநியோகஸ்தர் பேர மாத்தும்போது பழைய டைட்டில் கார்டுல இருந்த காப்பிரைட் வரிய புது கார்டுல போட விட்டுட்டாங்க. அப்ப இருந்த அமெரிக்க சட்டப்படி அந்த வரி இல்லன்னா உரிமையே இல்ல. அதனால படம் வந்த அன்னிக்கே பொதுச்சொத்து ஆயிடுச்சு, எடுத்தவங்களுக்கு வரவேண்டிய காசு நெறைய கைவிட்டுப் போச்சு, ஆனா எந்த சேனல் வேணா பைசா குடுக்காம ராத்திரில போடலாம்ன்ற நெலம வந்துச்சு, போட்டாங்க, போட்டுக்கிட்டே இருந்தாங்க, ஊர்ல இருக்கறவன் எல்லாம் பாத்துட்டான். எடுத்தவங்கள நெனச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறாது, ஆனா படம் இவ்ளோ தூரம் வந்ததுக்கு அந்த விடுபட்ட வரியும் ஒரு காரணம்.

இன்னொரு உதாரணம் எட் வுட்னு ஒரு டைரக்டர் எடுத்த பிளான் 9ன்ற படம். நடிகர் பேலா லுகோசி 1956லயே செத்துட்டாரு, அவர வச்சு எடுத்த கொஞ்சூண்டு ஃபுட்டேஜ் மட்டும் கைல இருக்கு, மீதி சீனுக்கு எட் வுட் தன் மனைவிக்கு முதுகு வலி பாத்த வைத்தியர கூட்டிட்டு வந்து மூஞ்சிய துணியால மறச்சிக்கிட்டு நடிக்க வச்சாரு. வாம்பைராவும் அதுல இருக்காங்க. ராத்திரி டிவில ஓடி ஓடி அந்தப் படத்துக்கு ஒரு கூட்டம் சேந்துச்சு, 1980ல ஒரு புத்தகம் உலகத்துலயே மோசமான படம்னு பட்டம் குடுத்துச்சு, அதுக்கப்புறம்தான் எல்லாரும் தேடித் தேடி பாத்தாங்க. அத மோசமான படம்னு சொல்லி ஒதுக்க எனக்கு மனசு வரல. காசே இல்லாம ஒருத்தன் சினிமா மேல வச்ச ஆசை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தெரியுது அதுல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சென்னை தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. அப்ப டிவின்னா ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல நிலையம் மூடிடும், அதுக்கப்புறம் திரைல வெறும் புள்ளி புள்ளியா இரைச்சல்தான், இது 2000க்கு அப்புறம் பொறந்த பசங்களுக்கு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. 1982ல வந்த போல்டர்கைஸ்ட் படம் அந்த இரைச்சல்லதான் ஆரம்பிக்கும், நிலையம் தேசிய கீதம் போட்டு மூடினதும் ஒரு குட்டிப் பொண்ணு அந்தப் புள்ளிகிட்ட போய் பேசும். டிவி மூடினப்புறம் அதுக்குள்ள என்ன நடக்குதுன்ற பயம் அந்தக் காலத்து ஆளுங்களுக்கு நெஜமாவே இருந்துச்சு. அந்த பயத்த வச்சுதான் 1998ல ஜப்பான்காரங்க டிவி பெட்டிக்குள்ளேருந்து பேய ஊந்து வர வச்சாங்க, 2009ல தமிழ்ல யாவரும் நலம் படத்துல ஒரு குடும்பம் பாக்கற சீரியல்லயே அவங்க கதை ஓடுச்சு.

1993ல சன் டிவி வந்துச்சு, கேபிள் தெருத் தெருவா எறங்குச்சு. கடலூர் ஓ.டி.யில, அதான் ஓல்டு டவுன்ல, எங்க தெருவுல மொதல்ல ரெண்டு மூணு வீட்டுலதான் கனெக்‌ஷன், கடல் காத்துல ஆன்டெனா கம்பி பூத்துப் போயி தூர்தர்ஷனே மழை பெய்யற மாதிரி தெரிஞ்சுக்கிட்டு இருந்த காலம் அது, கேபிள் வந்ததும் ராத்திரின்னா என்னன்னே மாறிப்போச்சு. சேனலுக்கு நாள் பூரா ரொப்பணும், அதனால பழைய படம் எல்லாம் வெளிய வந்துச்சு. சாயங்காலம் புதுப் படம், ராத்திரில மீதி. அந்த மீதிலதான் எங்க பொக்கிஷம் இருந்துச்சு. விட்டலாச்சார்யா எடுத்த 1978ம் வருஷத்து ஜெகன்மோகினி, பேய் தன் காலையே விறகா அடுப்புல வச்சு சமைக்குமே அந்தப் படம், 1985ல வந்த யார், அதே வருஷம் வந்த பிள்ளை நிலா, 1990ல வந்த 13ம் நம்பர் வீடு, 1991ல மோகன் நடிச்ச உருவம். தியேட்டர்ல இதெல்லாம் எப்டி ஓடுச்சோ எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு இதெல்லாம் டிவில பொறந்த படங்க. இது பத்தாதுன்னு 1995ல கார்ட்டூன் நெட்வொர்க் வந்தப்ப பகல் முழுக்க பூனையும் எலியும் ஓடும், பொழுது சாஞ்சப்புறம் அதே நம்பர்ல டிஎன்டின்னு வேற சேனலா மாறி கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் ஓட ஆரம்பிச்சிடும், கார்ட்டூன் போயிடுச்சேன்னு அழுதுக்கிட்டே உக்காந்து ஒரு வார்த்த புரியாம பாத்த படங்கள் எத்தனையோ.

சீரியலையும் சேத்துதான் சொல்லணும். 1993ல ராம்சே பிரதர்ஸோட ஜீ ஹாரர் ஷோ, 1995ல சோனில ஆஹட், ரெண்டும் இந்தி, பாஷை புரியலன்னாலும் கதவு கிரீச்சுங்கறதுக்கு பாஷை எதுக்கு. தமிழ்ல 90கள்ல நாகா டைரக்‌ஷன்ல இந்திரா சௌந்தர்ராஜன் கதைல வந்த மர்மதேசம், அதுலயும் விடாது கருப்பு, வெள்ளக் குதிரைல கருப்பு வந்தா தெருவே அடங்கிடும். நம்ம பக்கத்து கிராமத்துல எல்லாம் அய்யனார் குதிரை எல்லையில நிக்குது, பாகூர் பக்கம் போனா இருட்டுல தெரியும், அதனால அந்த சீரியல் எங்களுக்கு கதையா தெரியல.

இப்ப அந்த ராத்திரி எப்டி இருந்துச்சுன்னு கொஞ்சம் கிட்டத்துல காட்டறேன், இல்லன்னா இது புரியாது. லீவு விட்டா பாண்டில முத்தியால்பேட்டை அத்தை வீட்டுக்கு போயிடுவோம், அங்க ஹால்ல டிவி. மாமா தூங்கணும், அதனால சத்தம் ரெண்டு கோட்டுக்கு மேல போகக்கூடாது. பெரியப்பா புள்ள ரிமோட்ட கைலயே வச்சிருப்பான், திரைல அமைதியா இருந்தா நாலு கோடு, யாராவது கத்தப்போற மாதிரி இருந்தா சட்டுனு சைபர். பேய்ப்படத்துல அமைதிதான் பெருசு, அப்புறம்தான் சத்தம், அந்த ரெண்டையும் அவன் கட்டைவிரல் முடிவு பண்ணும். ட்யூப் லைட்ட அணைச்சா டிவி வெளிச்சம் செவுத்துல நீலமா ஆடும், சீன் மாறும்போது எல்லார் மூஞ்சியும் வெள்ளையா ஒரு தடவ தெரிஞ்சு மறையும். ஆயா கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு தூங்கற மாதிரியே இருக்கும், ஆனா கதாநாயகி கதவுகிட்ட போனா மட்டும் அந்தக் கதவத் தொறக்காதடி பாவின்னு குரல் வரும், நாங்க எல்லாரும் எகிறிடுவோம். நம்ம டிவில வேஷம் போட்டு வந்து பேசற ஆள் இல்லன்னா என்ன, ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஆயா இருந்துச்சு, யாரு செத்தவ யாரு உயிரோட இருக்கறவன்னு முன்கூட்டியே சொல்லி வச்சுடும்.

இன்னொரு விஷயம், டிவி அந்தப் படத்த அப்டியே காட்டல. 1973ல ராஜராஜ சோழன் வந்ததுலேருந்து தமிழ்ல சினிமாஸ்கோப் ஆரம்பிச்சாச்சு, அகலமான படம், ஆனா பழைய டிவி பெட்டி கிட்டத்தட்ட சதுரம். ஸ்கோப் படத்த அதுல ரொப்பணும்னா ரெண்டு பக்கமும் சேத்து பாதிக்கு கொஞ்சம் கம்மியா வெட்டணும். அப்ப என்ன ஆகும், ஓரத்துல நிக்கற பேய் வெட்டுப்பட்டு போயிடும், கதாநாயகன் மட்டும் எதையோ பாத்து மெரண்டுக்கிட்டு நிப்பான், நமக்கு அங்க என்ன இருக்குன்னே தெரியாது. டைரக்டர் நெனைக்காத பயம் அது. அதே மாதிரி கேபிள் சிக்னல் இரைச்சல்ல இருட்டு சீன் எல்லாம் குழம்பி நிக்கும், பொம்மை பொம்மையா தெரியாது, கயிறு கயிறா தெரியாது, மேக்கப் உரிஞ்சது தெரியாது. அதே படத்த இன்னிக்கு சுத்தம் பண்ணி பளிச்சுனு பாத்தா நைலான் கயிறு தெரியுது. படம் கெட்டுப்போகல, அத மூடி வச்சிருந்த இருட்டு போயிடுச்சு.

விளம்பரத்த மறக்கக்கூடாது. பேய் கைய நீட்டுன நேரத்துல பிரேக் விட்டுடுவாங்க, அஞ்சு நிமிஷம் ராசிக்கல்லு, மூலிகை எண்ணெய். அந்த அஞ்சு நிமிஷமும் பாத்ரூம் போகணும், ஆனா கொல்லப்பக்கம் போகணும், யாரும் தனியா போக மாட்டாங்க.

இதெல்லாம் ஏன் இவ்ளோ ஆழமா பதிஞ்சிருக்குன்னு மனோதத்துவக்காரங்க சில காரணம் சொல்றாங்க. பயந்து நெஞ்சு படபடக்கறப்ப நடக்கறது மத்தத விட அழுத்தமா ஞாபகத்துல நிக்கும், இது ஒண்ணு. வயசானப்புறம் திரும்பிப் பாத்தா 10 வயசுலேருந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் அதிகமா ஞாபகம் வரும், இது ரெண்டு. மூணாவதா டால்ஃப் ஸில்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னது, பயத்துல ஏறுன படபடப்பு பயம் முடிஞ்ச உடனே எறங்காது, அது அப்டியே அடுத்து வர்ற சந்தோஷத்துல போய் சேந்து அத பெருசாக்கிடும். படம் முடிஞ்சு லைட்ட போட்டதும் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து காரணமே இல்லாம சிரிப்போமே, அதுதான்.

ஆனா இதுக்கும் மேல ஒண்ணு இருக்குன்னு நான் நெனைக்கறேன், அதுதான் எனக்கு முக்கியம். நாங்க நெறைய படத்த முழுசா பாக்கவே இல்ல. ஆரம்பம் போயிருக்கும், பேரே தெரியாது. இல்ல க்ளைமாக்ஸ்ல கரண்டு போயிடும், கேபிள்காரர் வீட்டுல கரண்டு போனா நம்ம வீட்டுல இருந்தும் புண்ணியமில்ல. திருப்பிப் போட்டுப் பாக்க வழியே கிடையாது, மறுபடியும் எப்ப போடுவான்னு யாருக்கும் தெரியாது. அதனால மறுநாள் மஞ்சக்குப்பம் மைதானத்துல மட்டைய கீழ போட்டுட்டு முடிவு என்ன ஆச்சுன்னு கேக்கணும், பாத்தவன் சொல்ற முடிவு நெஜ முடிவ விட பயங்கரமா இருக்கும். ஒரே ராத்திரி ஒரே நேரத்துல ஊர்ல பாதி பேர் அதையே பாத்திருப்பாங்கன்றதால பேச ஆள் இருந்துச்சு. பொம்மை கண்ண சிமிட்டும், கிணத்துக்குள்ளேருந்து கை வரும், அது என்ன படம்ப்பான்னு 40 வயசுலயும் தேடிக்கிட்டு இருக்கற ஆளுங்க எனக்குத் தெரியும். கிடைக்காத மிச்சம் மனசுக்குள்ள வளந்துக்கிட்டே போகும். ஒரு படம் கல்ட் ஆகறதே அந்த வளர்ச்சிலதான்.

அப்புறம் இது எப்டி முடிஞ்சுதுன்னா, ஆரம்பிச்ச அதே காசுதான் முடிச்சுது. அமெரிக்காவுல 1984ல டிவில எவ்ளோ நேரம் விளம்பரம் போடலாம்ன்ற கட்டுப்பாட்ட எடுத்துட்டாங்க, உடனே ராத்திரி நேரத்த மொத்தமா அரைமணி நேர விளம்பரக்காரங்களுக்கு வித்துட்டாங்க. இங்கயும் அதே கதை, படம் போட்டா செலவு, பாத்திர செட்டு விக்கறவனுக்கு நேரத்த குடுத்தா வரவு. கூடவே சென்சார். டிவில படம் போடணும்னா யு இல்லன்னா யுஏ சர்டிஃபிகேட் வேணும், ஏ வாங்குன பேய்ப்படத்த வெட்டி மறுபடியும் சர்டிஃபிகேட் வாங்குனாதான் உண்டு. அதனால எடுக்கும்போதே டிவிக்கு தோதா, சிரிப்பும் சேத்து, குடும்பத்தோட சாயங்காலம் பாக்கற பேய்ப்படம் வந்துடுச்சு, 2011ல காஞ்சனா ஓடுன ஓட்டத்துக்கு அப்புறம் பேய் ராத்திரிய விட்டு வெளிய வந்தே வந்துடுச்சு. ராத்திரி இங்கிலீஷ் படத்துக்கு இருந்த எச்பிஓ சேனலும் 2020 டிசம்பரோட இந்தியாவுல நின்னு போச்சு.

ஆனா அந்த ஆசை போகல. 2018ல அமெரிக்காவுல ஜோ பாப் பிரிக்ஸ்னு பழைய டிவி ஆள கூட்டிட்டு வந்து ஷடர்ன்ற ஓடிடி விடாம படமா போடற ஒரு மாரத்தான் நடத்துச்சு, நேரத்துக்கு வந்து பாருங்கன்னு. வேற நேரத்துலயும் பாக்கற மாதிரி படங்கள்தான், இருந்தாலும் எல்லாரும் ஒரே நேரத்துல வந்து விழுந்து சர்வரே படுத்துருச்சு.

புதுசா இத பாத்து அனுபவிக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு நான் சொல்றது இதான். நைட் ஆஃப் தி லிவிங் டெட்டுலேருந்து ஆரம்பிங்க, பொதுச்சொத்து, இணையத்துல முறையாவே இலவசமா கிடைக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. தமிழ்ல வேணும்னா உருவம் தேடிப் பாருங்க. 11 மணிக்கு மேல போடுங்க, நடுவுல நிறுத்தாதீங்க, மொபைல வேற ரூம்ல வச்சிடுங்க, சத்தத்த கொஞ்சம் கம்மியா வைங்க, அப்பதான் காது திரைய நோக்கி போகும். தனியா பாக்காதீங்க. கூட இருக்கறவங்கள்ல ஒருத்தர் ஏற்கனவே பாத்தவரா இருந்தா ரொம்ப நல்லது, ஆனா கடைசி அஞ்சு நிமிஷத்த பத்தி மட்டும் அவர வாய தொறக்க விடாதீங்க.